ப்டூய் குரென்ட் வேடம்: முதல் முறை கட்டுபவர் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

மரிபோர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்லோவேனியாவில் ப்டூய் ஊர்ப் பக்கம் குளிர்கால முடிவில் வருகிற குரென்ட் வேடம் பற்றிக் கேட்கிறேன். வேடிக்கை பார்க்க இல்லை, கட்டுவதற்கு. ஊரை ஒட்டிய ஒரு கிராமத்துக் குழுவில் 2027-க்கு ஓர் ஆள் குறைகிறதாம், வருகிறாயா என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசனை.

பழைய வேடம் ஒன்று விலைக்கு வருகிறது. ஆட்டுத்தோல் அங்கி, சங்கிலியோடு ஐந்து மணி, இறகு வைத்த தலை (முகமூடியோடு சேர்ந்த தொப்பி), கையில் பிடிக்கிற முள் தடி. மொத்தமாகத் தூக்கினால் 35 கிலோவுக்குக் குறையாது. என் எடை 64 கிலோ, உயரம் 168 செ.மீ. கண்ணாடி போடுபவன். கல்யாணமும் ஆகிவிட்டது. இதை வேண்டுமென்றே சொல்கிறேன், கல்யாணம் ஆகாதவர்கள்தான் கட்டலாம் என்று எங்கோ படித்தேன்.

வாங்கும் முன் எதைத் தட்டிப் பார்ப்பது, எதை இழுத்துப் பார்ப்பது? மணி எங்கே தொங்க வேண்டும்? வீடு வீடாகப் போய் மணி குலுங்கக் குதிப்பார்களே, அந்தக் குதிப்பை எப்படிப் பழகுவது? எங்கே சொதப்பும்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.


பழையமணி:

தம்பி, பார்க்கிறவனுக்குத் தோலும் முகமூடியும்தான் குரென்ட். கட்டுகிறவனுக்கு மணிதான் குரென்ட். கெட்டதை விரட்டுவது அந்தச் சத்தம் என்பதுதான் அங்கத்து நம்பிக்கை. தோல் கொஞ்சம் நைந்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மணி செத்திருந்தால் நீ வெறும் கம்பளி மூட்டை. அதனால் அங்கியைத் தடவிப் பார்ப்பதற்கு முன் சங்கிலியைக் கையில் எடு.

மணிகள் மாட்டு மணி வகை. ஐந்தையும் கழற்றச் சொல். ஒவ்வொன்றின் மேல் வளையத்திலும் கயிறு கோத்துத் தொங்கவிட்டு, ஒரு மரக்கட்டையால் வாய் விளிம்புக்குக் கொஞ்சம் மேலே தட்டு. சத்தம் எழுந்து மெதுவாக அடங்கினால் சரி. கறகறவென்று அதிர்ந்தால் இரண்டில் ஒன்று: ஓரத்தில் விரிசல், இல்லாவிட்டால் மேல் வளையத்தைப் பிடித்திருக்கும் ரிவெட் (தட்டி இறுக்கிய ஆணி) ஆடுகிறது. வளையத்தை விரலால் அழுத்திக்கொண்டு மறுபடி தட்டு. கறகறப்பு போய்விட்டால் ரிவெட், அது பட்டறையில் பத்து நிமிட வேலை. போகாவிட்டால் விரிசல். பற்ற வைத்தாலும் பழைய குரல் திரும்பாது, அந்த மணிக்கு விலை குறைத்துப் பேசு.

அடுத்து மணிக்குள் இருக்கும் நாக்கு. அதன் குமிழ் விளிம்புக்குச் சற்று உள்ளே அடிக்க வேண்டும். நாக்கைப் பிடிக்கும் தோல்வார் நாள்பட இழுபட்டு நீளும். நீண்டால் குமிழ் வாய்க்கு வெளியே இறங்கி விளிம்பில் இடறும். டங் என்று வர வேண்டியது டக் என்று வரும். வார் புதிதாக வெட்டி மாட்டிக்கொள்ளலாம், ஆனால் ஐந்துக்கும் ஒரே சமயத்தில் மாற்று. இல்லாவிட்டால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும்.

தொங்கவிடும் விதம்: இரண்டு வலப்பக்கம், இரண்டு இடப்பக்கம், மிச்சம் ஒன்று முதுகுப் பக்க நடுவில். முன்பக்கம் காலியாக விடு. முன்னால் தொங்கினால் குதிக்கும்போது தொடையிலும் முட்டியிலும் அடித்து, மாலைக்குள் நீலம் கட்டிவிடும். எடையைக் கண்ணால் அளக்காதே. ஒவ்வொரு மணியையும் தராசில் வைத்து, இரண்டு பக்கத்துக்கும் அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் மாற்றி மாட்டு. ஒரு பக்கம் கனம் கூடினால் சங்கிலி அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும், நீயும் இழுத்து விட்டுக்கொண்டே இருப்பாய்.

சங்கிலி உட்காரும் இடம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பு. அதற்கு மேலே போனால் வயிற்றை அமுக்கி மூச்சு வாங்கும், கீழே போனால் நழுவும். அங்கிக்கு உள்ளே, அந்த இடத்தில், கம்பளித் துணியை நான்கு மடிப்பாக ஒரு சாண் அகலத்துக்கு மடித்து இறுக்கிக் கட்டு. இது இல்லாமல் கட்டினவர்கள் மறுநாள் நேராகப் படுக்க முடியாது.

கடைசியாக, கொக்கி. பழைய சங்கிலிகளில் திறந்த வாய்க் கொக்கி இருக்கும். குதிக்கும்போது ஒரு கணம் சங்கிலி தளரும், அந்தக் கணத்தில் கொக்கி கழன்றுகொள்ளும். ஐந்து மணியும் தெருவில் விழுந்தால் பின்னால் வருகிறவன் கால்தான் போகும். திருகு போட்டு மூடுகிற ஷாக்கிள் வாங்கி மாட்டு.


நூலும்ஊசியும்:

பழையமணி ஐயா சொன்னது சரி, ஆனா தோலை இப்படி ஒதுக்கிட முடியாது. மணிக்கு ரிப்பேர் இருக்கு, அழுகின தோலுக்கு இல்ல. நான் தோலும் தலையும் மட்டும் சொல்றேன்.

அங்கியை உள்பக்கம் திருப்பிப் போடுங்க. மயிர்ப் பக்கம் எல்லாரும் சீவி அழகா காட்டுவாங்க, கதை உள்பக்கம்தான் தெரியும். தோலை இரண்டு விரலால மடிச்சுப் பாருங்க. மெத்துனு மடிஞ்சா நல்லது. அட்டை மாதிரி மொடமொடன்னு இருந்து, மடிச்ச இடத்துல வெள்ளைக் கோடு விழுந்தா, ஈரத்தோட அடுப்புப் பக்கத்துல வெச்சுக் காய வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஈரத் தோல் 60 டிகிரி பக்கம் போனாலே சுருங்கிடும், திரும்ப விரியாது. தையல் ஓரம் எல்லாம் அங்கதான் கிழியும்.

அப்புறம் ஒரு சிட்டிகை மயிரைப் பிடிச்சு மெதுவா இழுங்க. தோளு, அக்குள், சங்கிலி உரசுற இடுப்பு, இந்த மூணு இடத்துலயும். ஒண்ணு ரெண்டு இழை வந்தா பரவாயில்ல. கொத்தா வேரோட வந்தா தோல் உள்ள அழுக ஆரம்பிச்சாச்சு. தையல் மடிப்புகள்ல மணல் மாதிரி பொடி இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்துப்பூச்சி. அதை வீட்டுக்குள்ள கொண்டுவந்தா உங்க ஸ்வெட்டரும் சேர்த்துப் போயிடும்.

உங்க உயரத்துக்கு அங்கி முட்டிக்குக் கீழ இறங்கக் கூடாது. இறங்கினா படி ஏறும்போது நீங்களே மிதிப்பீங்க. நீளமா இருந்தா கத்தரிக்கோல் போடாதீங்க, மயிர் வெட்டுப்பட்டுப் பார்க்க அசிங்கமா இருக்கும். தோள்ல உள்பக்கம் ஒரு மடிப்பு வெச்சு, மெழுகு தடவின நூலால தைச்சு உயர்த்துங்க. பின்னாடி வித்தாலும் பிரிச்சிடலாம்.

இனி தலை. முகம் தோல். கண் ஓட்டையைச் சுத்திச் சிவப்பு வளையம், தும்பிக்கை மாதிரி மூக்கு, மீசை, நெஞ்சு வரைக்கும் தொங்குற சிவப்பு நாக்கு. பல்லுக்கு வெள்ளை பீன்ஸ் விதை. நிஜ பீன்ஸ்! அதுதான் அந்த முகத்தோட அழகே. பிளாஸ்டிக் பல் ஒட்டினது பத்தடி தூரத்துலயே தெரிஞ்சிடும். ஆனா பீன்ஸுக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு வண்டு. புதுசா வைக்கிறதுக்கு முன்னாடி விதையை ஒரு வாரம் ஃப்ரீசர்ல போட்டு எடுத்தா முட்டை செத்துடும். இன்னொண்ணு உங்க மூச்சு. உள்ள வர்ற ஆவியில விதை ஊதி, தோலு உரிஞ்சு, ஒட்டு விடும். ஒவ்வொரு பருவத்துக்கும் புதுசு வெச்சுக்கிறதுதான் வழி, ஒரு கைப்பிடி பீன்ஸ்தானே.

இறகு வான்கோழி இறகு. மழையில நனைஞ்சு எலி வால் மாதிரி ஆயிட்டா தூக்கிப் போடாதீங்க. காஞ்சதும் கெட்டில் ஆவியில காட்டி, விரலால அடியிலேர்ந்து நுனிக்கு நீவி விட்டா பழையபடி விரியும். காகித ரிப்பன் இருக்கே, அதுதான் ஆபத்து. நனைஞ்சா சாயம் இறங்கும், வெள்ளைத் தோல்ல சிவப்புக் கறை விழுந்தா போகவே போகாது. மழை வர்ற மாதிரி இருந்தா வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே ரிப்பனைக் கழட்டிடுங்க.

கண்ணாடி: வேண்டாம். உள்ள ஒரே நிமிஷத்துல பனி மூடும், துடைக்க வழி கிடையாது. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் பழகிக்கோங்க, பிப்ரவரி வரைக்கும் நேரம் இருக்கே. பவர் குறைவா இருந்தா கண்ணாடி இல்லாமலே போங்க, எப்படியும் அந்த ஓட்டை வழியா நேரே இருக்கறது மட்டும்தான் தெரியும். காலடி சுத்தமா தெரியாது. ப்டூய் பழைய ஊர்ல தெரு கல் பாவினது, பனி படிஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும்.


திராவாக்கரை:

ரெண்டு பேரும் வேடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் உள்ளே இருக்கும் ஆளைப் பற்றி.

64 கிலோ ஆள் 35 கிலோ கட்டுவது உன் எடையில் பாதிக்கு மேல். முடியாது என்று சொல்லவில்லை, 40 கிலோ வரை போகிற வேடங்களும் உண்டு. ஆனால் நேராக முழு வேடத்தில் இறங்கினால் முதல் நாளே முதுகு பிடித்துக்கொள்ளும்.

குதிப்பு என்பது பெயருக்குத்தான். மேலே எழும்புவதில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடை மாற்றுவது, பாதம் நான்கு விரல் உயரம் எழுந்தால் போதும். வேலை முழுவதும் இடுப்பில். இடுப்பு பக்கவாட்டில் வெட்டித் திரும்ப, மணிகள் ஊஞ்சல் மாதிரி வீசும். தோள் கிட்டத்தட்ட அசையக் கூடாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு, தோளைக் குலுக்குவது. தோளைக் குலுக்கினால் தோல்தான் ஆடும், மணி ஆடாது, ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டும்.

இன்னொரு கணக்கு. சங்கிலியிலிருந்து தொங்கும் மணிக்குத் தனக்கென்று ஒரு வேகம் உண்டு. 25, 30 செ.மீ. நீளத்தில் தொங்கினால் போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு நொடி. உன் கால் அதற்கு ஒத்து, நொடிக்கு இரண்டு மாற்றம் வைத்தால் மணியே உன்னை இழுத்துக்கொண்டு போகும். அதை விட வேகமாகப் போனால் மணி எதிர்த்து வரும், சத்தமும் சிதறும், பலமும் வீண். செல்போனில் நிமிடத்துக்கு 110 அல்லது 120 தாளம் வைத்துக்கொண்டு, சங்கிலியை மட்டும் கட்டிப் பழகு. எந்த எண்ணில் மணி இலேசாகிறதோ அதுதான் உன் சங்கிலியின் வேகம்.

பழகும் வரிசை இது. முதல் இரண்டு வாரம் வெறும் சங்கிலி, பத்துப் பத்து நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள். அடுத்த இரண்டு வாரம் அங்கியும் சங்கிலியும், இருபது நிமிடம். தலை கடைசியில்தான், அதுவும் சமதரையில், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்போது. முழங்காலை எப்போதும் இலேசாக மடக்கியே வைத்திரு. நீட்டின காலில் இறங்கினால் அதிர்ச்சி நேரே இடுப்புக்கும் முதுகுக்கும் ஏறும். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக எடு. உள்ளே கம்பளி, மேலே சிவப்போ பச்சையோ கால் உறை எல்லாம் வரும், இறுக்கிக் கட்டினால் கெண்டைக்கால் பிடிக்கும்.

வெளியே பூஜ்யம் டிகிரி இருக்கும், உள்ளே நீ வேர்த்துக் கொட்டுவாய். ஆபத்து குதிக்கும்போது இல்லை, நின்ற பிறகு. ஊர்வலம் நடுவில் பத்து நிமிடம் தேங்கும், அப்போது வேர்வை குளிரும். உள்ளே பருத்தி பனியன் போடாதே, நனைந்து ஒட்டிக்கொள்ளும். மெல்லிய கம்பளி உள்ளாடை போடு, மாற்று ஒன்று பையில் இருக்கட்டும். தேங்கி நிற்கும்போது சங்கிலியின் பாரம் இரட்டிப்பாகத் தெரியும், அதனால் நிற்காமல் சின்னதாக அசைந்துகொண்டே இரு. கிளம்பும் முன் அரை லிட்டர் தண்ணீர். இடையில் தலையைக் கழற்றும் வாய்ப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வீடு ஒயின் நீட்டுவார்கள். குடித்து வேர்த்தால் தலை சுற்றும், அந்தத் தலைக்கு மேல் இன்னொரு தலை வேறு.

என் யோசனையைக் கேட்டால், முதல் வருடம் குரென்ட் வேண்டாம். குழுவோடு ஒரு பிசாசு போகும் இல்லையா, சிவப்பு அல்லது கறுப்பு உடை, ஆன்மாக்களைப் பிடிக்க ஒரு வலை, கையில் ஈட்டி முட்கரண்டி. எடை ஒன்றுமே இல்லை. ஒரு பருவம் அதில் ஓடிப் பார். குழு எப்படி நகர்கிறது, முற்றத்தில் வட்டம் எப்படிக் கட்டுகிறது என்பதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நாளில் புரியும். தலைக்குள் இருந்துகொண்டு ஒன்றும் புரியாது.


மரிபோர்வாசி:

மூவருக்கும் நன்றி. இன்று போய்த் தட்டிப் பார்த்தேன். நான்கு மணி நன்றாகப் பேசுகிறது, ஒன்று கறகறக்கிறது, வளையத்தை அழுத்தினால் நின்றுவிடுகிறது. கொக்கி திறந்த வாய்தான். தோலில் இடது அக்குளில் மட்டும் ஒரு கொத்து மயிர் வந்தது, உள்ளங்கை அகலம் இருக்கும். மற்ற இடம் மெத்தென்று இருக்கிறது.

பிசாசு யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் குழுவில் பிசாசு ஏற்கெனவே இருக்கிறார்! இறகுத் தலையா கொம்புத் தலையா என்பதில் ஏதாவது விதி உண்டா? கல்யாண விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.


பழையமணி:

ரிவெட்தான் அப்போது. வாங்கலாம். ரிவெட்டை அடிக்கும்போது பழைய துளையில் அதே கனத்தில் போடச் சொல். பெரிதாகத் துளைத்தால் தகடு அங்கேயே கிழிய ஆரம்பிக்கும். மணிக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம், கனமான பூச்சு குரலை அமுக்கும். துரு தடுக்க எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு போதும், அதுவும் தோல்வாரில் படாமல்.

பிசாசு இருந்தால் என்ன, ஒரு குழுவில் ஒன்றுக்கு மேலும் வரலாம். கேட்டுப் பார்.


சாம்பல்புதன்:

கல்யாணம், தேதி, வீட்டு வாசல் மூன்றும் என் பங்கு.

ஒரு காலத்தில் கல்யாணம் ஆகாத ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தது உண்மை. இப்போது இல்லை. கல்யாணமானவர்கள், பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் கட்டுகிறார்கள். 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் குரென்ட்கள் வீடு வீடாகப் போகிற வழக்கம்தான், ஊர்வலம் இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். ப்டூயில் குரென்டோவானியே என்ற பெயரில் நடக்கும் விழா 1960-ல் டிராகோ ஹஸ்ல் முன்கை எடுத்துத் தொடங்கியது. வீட்டு வழக்கம் அதற்கு மூத்தது. சுற்றுலா விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ‘ஆயிரமாண்டுத் திருவிழா’ என்று விற்கும், நம்ப வேண்டாம்.

தேதி: வேடம் கட்டுவது பிப்ரவரி 2, மெழுகுவர்த்தித் திருநாளில் தொடங்கும். முடிவது சாம்பல் புதன் பிறந்ததும் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் நாள்), அது ஈஸ்டரைப் பார்த்து நகரும். 2026-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 18. 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28, அதனால் சாம்பல் புதன் பிப்ரவரி 10-ஆம் தேதியே வந்துவிடும். உங்களுக்குக் கிடைப்பது எட்டே நாள். பெரிய ஊர்வலம் அதற்கு முந்தைய ஞாயிறு, பிப்ரவரி 7. செவ்வாய்க்கிழமை கார்னிவலை அடக்கம் செய்கிற சடங்கு, அத்தோடு சரி. எட்டு நாளில் வேடம் நனைந்தால் காய வைக்க அவகாசமே இருக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள். குதிப்புப் பயிற்சி ஜனவரிக்குள் முடிந்திருக்க வேண்டும்.

இறகா கொம்பா என்பது தனி ஆளின் விருப்பம் இல்லை, குழு எதைக் கட்டுகிறதோ அது. கொம்புத் தலை மாட்டுக் கொம்பு வைத்தது. இறகுத் தலை அகலத்தில் கொம்பை விட மோசம், நிலைவாசலில் மாட்டும். வீட்டுக்குள் கூப்பிட்டால் பக்கவாட்டில் திரும்பி நுழையுங்கள். வாங்கிய தலை குழுவோடு ஒத்துப்போகிறதா என்று காசு கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். ப்டூய் கோட்டை அருங்காட்சியகத்தில் இந்த வேடங்களின் தொகுப்பு இருக்கிறது. ஒரு மதியம் போய் உங்கள் தலையை அங்கிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எந்தப் பகுதி பின்னால் ஒட்டுப் போட்டது என்று தெரிந்துவிடும்.

வீட்டு முற்றத்தில்: குழு வட்டம் கட்டி, வீட்டுக்காரரை நடுவில் விட்டுச் சுற்றிக் குதிக்கும், மணி அடிக்கும். வீட்டுக்காரர் பரிசு கொடுக்கலாம். சில வீடுகளில் வீட்டுக்காரம்மா மண்பானை ஒன்றைக் காலடியில் போட்டு உடைப்பார், நலத்துக்கும் அதிர்ஷ்டத்துக்கும். பயந்து பின்வாங்காதீர்கள், ஆனால் ஓட்டுத் துண்டு மேல் குதிக்காதீர்கள், பூட்ஸ் அடி வழுக்கும். பெண்கள் கைக்குட்டை கொடுத்தால் இடுப்பில் கட்டிக்கொள்வது வழக்கம், எத்தனை கைக்குட்டை என்பதில்தான் குரென்டின் பெருமை. முடிச்சைச் சங்கிலிக் கண்ணியில் போடாதீர்கள், உரசி அறுந்துபோகும். கண்ணிக்கு மேலே தனியாக ஒரு கயிறு சுற்றி அதில் கட்டுங்கள்.

முள் தடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. யெழெவ்கா என்பார்கள். மரத்தடி, ஒரு நுனியில் முள்ளெலித் தோல். பழைய தடியில் இருக்கிற முள் உதிர்ந்திருந்தால் உதிர்ந்ததாகவே இருக்கட்டும், புதிதாக முள்ளெலித் தோல் தேடி அலைய வேண்டாம். கூட்டத்தில் முள் நுனி எப்போதும் தரையைப் பார்க்க வேண்டும். உயர்த்தி வீசுவது படத்துக்கு நன்றாக இருக்கும், பக்கத்துக் குழந்தையின் கண்ணுக்கு நல்லதில்லை.

குழந்தைகளிடம்: அழுகிற குழந்தையை நோக்கிப் போகாதீர்கள். மணியை நிறுத்தி, பக்கவாட்டில் திரும்பி, கையை மட்டும் நீட்டுங்கள். குனிந்தால் முகமூடி அதன் முகத்துக்கு நேரே இறங்கும், அதுதான் இன்னும் பயம். எது எப்படி ஆனாலும் தெருவில் தலையைக் கழற்றாதீர்கள். யார் உள்ளே என்று தெரியக் கூடாது என்பது பழைய ஒழுங்கு. வேர்த்தால் ஒரு கொட்டகைக்குள் போய்க் கழற்றுங்கள்.

கூட வருகிற மற்ற வேடங்களையும் அறிந்துகொள்ளுங்கள், ஊர்வலத்தில் இடம் கொடுக்க வேண்டிவரும். ஏர் உழுபவர்கள் மரக்கலப்பையை முற்றத்தில் இழுத்து உழுவார்கள், டர்னிப் பெருத்து விளைய வேண்டும் என்று. அவர்களோடு சாட்டை சொடுக்குபவர்கள் வருவார்கள். அந்தச் சாட்டை எட்டும் தூரத்துக்குள் போகாதீர்கள், அவர்களுக்கும் உங்களைத் தெரியும், ஆனால் சாட்டைக்குத் தெரியாது. துணிக்கு அடியில் ஆள் இருக்கிற ருசா என்ற குதிரை, கிழவனைச் சுமக்கிற கிழவி, கரடி, ப்டூயை ஒட்டிய மார்கோவ்ட்சி ஊர்ப் பக்கத்து ஈட்டிக்காரர்கள் என்று இன்னும் பலர். ருசா எந்தப் பக்கம் உதைக்கும் என்று அதற்கே தெரியாது. இரண்டு மீட்டர் விட்டு நில்லுங்கள்.


நூலும்ஊசியும்:

அக்குள் விஷயத்துக்கு வர்றேன். உள்ளங்கை அளவுன்னா பயப்பட வேண்டாம். அது வேர்வை அரிச்ச இடம், எல்லா அங்கிலயும் அங்கதான் முதல்ல போகும். அந்தத் துண்டைச் சதுரமா வெட்டி எடுத்துட்டு, அதே கனத்துல வேற ஆட்டுத்தோல் ஒட்டு வைங்க. வெட்டறது கத்தரிக்கோலால இல்ல, உள்பக்கத்துலேர்ந்து பிளேடால தோலை மட்டும் கீறணும், மயிர் தப்பிச்சுடும். மயிர் சாயுற திசை பார்த்து வைங்க, தலைகீழா வெச்சா தைச்சப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்துல உள்பக்கம் பருத்தித் துணியில ஒரு தனிப் பட்டை தைச்சு, கழட்டித் துவைக்கிற மாதிரி வெச்சுக்கோங்க. தோலைத் துவைக்க முடியாது, பட்டையைத் துவைக்கலாம்.

எட்டு நாள் கணக்கு சொன்னாங்க இல்லையா, அதுக்கு ஒண்ணு. கம்பளி தன் எடையில மூணுல ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் கைக்கு ஈரமாவே தெரியாது. தொட்டுப் பார்த்துட்டு காஞ்சிடுச்சுன்னு பெட்டியில வெச்சா உள்ள புழுங்கிப் போகும். கிளம்பறதுக்கு முன்னாடி அங்கியை ஒரு தடவை தராசுல தூக்கி எடை எழுதி வெச்சுக்கோங்க. வந்ததும் எடை போடுங்க. பழைய எடைக்குத் திரும்பினாத்தான் காஞ்சதுன்னு அர்த்தம். ரெண்டு நாற்காலிக்கு நடுவுல அகலமான கழியில மாட்டி, மின்விசிறி போட்டு விடுங்க. ஹீட்டர் பக்கமே கொண்டுபோகாதீங்க.

பருவம் முடிஞ்சதும் சங்கிலியைத் தனியா கழட்டி வைங்க, மேல வெச்சா அந்த இடத்துல மயிர் படிஞ்சு துருக்கறை விழும். அங்கியை நல்லா உதறி, சீவி, பருத்தி உறையில மாட்டுங்க, பிளாஸ்டிக் கூடாது. தலைக்குள்ள காகிதம் அடைச்சு உருவம் நிக்கற மாதிரி வைங்க. நாக்கை மடிக்காம நீட்டிப் போடுங்க. பீன்ஸ் பல்லை அப்பவே பிடுங்கிடுங்க, வண்டுக்கு விருந்து வைக்க வேண்டாம்.